முதல் மூன்று வரிகள்

காளியம்மாள் இடுப்புவரை நனைந்திருந்தாள். அவள் கொண்டுவந்த காகிதத்தில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதைப் புகையிலை டப்பா ஒன்றில் மடித்து வைத்து, டப்பாவை முந்தானையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு உப்பளத்து வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறாள். பள்ளிக்கூட வாசலில் நின்று டப்பாவைத் திறந்து என் கையில் கொடுத்தாள். காகிதத்தில் புகையிலை வாசனை அடித்தது.

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தி, வாசலில் தொங்கிய அட்டையைக் காண்பித்தேன். ‘எதையும் எழுதிக் கொடுக்கவும். வாய்மொழி கேட்கப்படாது’ என்று அதில் எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை.

“கடுதாசியில எல்லாம் இருக்குல்ல? போதும். அங்கிட்டுப் போயி நில்லும்மா” என்றேன்.

அவள் போய்ப் பூவரச மரத்தடியில் நின்றாள். காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். காகிதத்தின் மூலையில் பென்சிலால் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நேரம் குறிப்பதில் நான் புலி.

வந்த கடிதங்கள்

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் ‘மூன்று கம்பி’ பற்றி எழுதியிருந்தேன். புயல் நிவாரணத்துக்குப் போன எங்கள் பட்டாளத்து முகாமில் மலைபோல் குவிந்த காகிதங்களை நான் எப்படி மூன்று கம்பியில் குத்திப் பிரித்து, மேஜருக்குப் பத்தே வரியில் கொடுத்தேன் என்று மார்தட்டிக்கொண்ட அத்தியாயம் அது. வாசகர்களிடமிருந்து ஏகப்பட்ட பாராட்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இதை எல்லா ஆபீஸிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஆசிரியர் அந்தக் கடிதங்களைக் கட்டாகக் கட்டி அனுப்பியிருந்தார். இரண்டைப் படித்தேன். மூன்றாவதைப் பிரிக்கக் கை வரவில்லை. கட்டை அப்படியே அலமாரியில் போட்டுவிட்டு, மனைவியிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

நான் எழுதியது முகாமின் இரண்டாம் நாளைப் பற்றி. மூன்றாம் நாளை எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றேதான் விட்டேன்.

காகித வெள்ளம்

முதல் தடவையாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் ஒரு கார்த்திகை கடைசி. புயல் கோட்டைப்பட்டினம் கரையை அடித்துத் துவைத்துப் போட்டிருந்தது. அப்போது அந்தக் கரை தஞ்சாவூர் ஜில்லா. என் ஊரான திருமயம் திருச்சி ஜில்லா. இரண்டும் புதுக்கோட்டை மாவட்டம் ஆனதெல்லாம் பின்னால்.

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கூரை பறக்காமல் தப்பித்த ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் முகாம். மேஜர் வடக்கத்திக்காரர், தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. படகுகளுக்கு ஒரு கேப்டன், மருத்துவத்துக்கு ஒரு கேப்டன். மோட்டார் வைத்த ரப்பர் படகு இரண்டே இரண்டு. நான் சிக்னல் பிரிவில் நாயக். வயர்லெஸ் பார்ப்பது என் வேலை. அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் மற்றதெல்லாம் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் வந்த காகிதத்துக்குக் கணக்கே இல்லை. வயர்லெஸ் செய்தி, தாசில்தார் ஆபீஸ் சீட்டு, போலீஸ் சீட்டு, மணியக்காரர் ரிப்போர்ட், பள்ளிவாசலிலிருந்து ஒன்று, கோயில் தர்மகர்த்தாவிடமிருந்து ஒன்று. சிகரெட் அட்டையில், பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில், கல்யாணப் பத்திரிகையில். ஒரே ஊரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக எழுதியிருந்தார்கள். வாசலில் வேறு ஆளுக்கு ஆள் கத்தினார்கள்.

மேஜர் எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். கேட்கக் கேட்க அவரால் எந்த முடிவும் எடுக்க முடியவில்லை. மூன்று மணி நேரம் படகுகள் கரையில் சும்மா கிடந்தன. கடைசியில் ஒரு படகை அனுப்பினார். அது போன ஊரில் யாருமே இல்லை, எல்லோரும் முந்தின நாளே நடந்து வெளியேறிவிட்டார்கள். இரண்டு கேப்டன்களும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள்.

மேஜர் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் தனக்குக் காகிதமே வேண்டாம், இரண்டு மணிக்கு ஒருமுறை பத்து வரி மட்டும் கொடு, பதினோராவது வரி வந்தால் படிக்கமாட்டேன் என்றார். தூங்காத கண் சிவந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உடைந்த சைக்கிளிலிருந்து மூன்று கம்பிகளைப் பிடுங்கினேன். களிமண் உருண்டையில் நட்டு மேஜைமேல் வைத்தேன். இடது கம்பி உயிர் ஆபத்து. நடுக்கம்பி சோறும் மருந்தும். வலது கம்பி மற்றவை, அதாவது நன்றி, புகார், சிபாரிசு. வாய்ப்பேச்சு கிடையாது, எழுத்து மட்டும். எந்தக் காகிதமானாலும் முதல் மூன்று வரிதான் படிப்பேன். படித்ததும் ஏதாவது ஒரு கம்பியில் குத்திவிடுவேன்.

இரண்டாம் நாள் படகுகள் நிற்கவே இல்லை. போன இடமெல்லாம் போகவேண்டிய இடமாக இருந்தது. மேஜர் என் தோளில் தட்டி, இவன் ஒருத்தன் எனக்கு ஒரு பிளாட்டூன் என்று கேப்டன்களிடம் சொன்னார். அன்றைக்கு என் கால் தரையில் பாவவில்லை.

அப்பா எழுதிய மனுக்கள்

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போனால், நான் செய்தது வெறும் கவனக்குறைவு என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம்.

அப்பா திருமயம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். சமஸ்தானம் இருந்த காலத்திலும் எழுதினார், அது போன பிறகும் எழுதினார். அவருடைய மனு எல்லாம் ஒரே வார்ப்பு. முதலில் அதிகாரியின் பெருமை. அடுத்தது அவர் ஏற்கெனவே செய்த உபகாரத்துக்கு நன்றி. அப்புறம் இவ்விடம் யாவரும் க்ஷேமம். இத்தனையும் முடிந்து, தாளின் அடிப்பக்கத்தில்தான் விஷயம் வரும். வீடு தீப்பிடித்து எரிந்தவன் வந்து நின்றாலும் அப்படித்தான் எழுதுவார். எடுத்த எடுப்பில் கேட்பது மரியாதை இல்லை என்பார். எங்கள் பக்கத்தில் மனு எழுதும் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து கொஞ்ச நாளில் நான் பட்டாளத்தில் சேர்ந்தேன். பயிற்சியில் முதல்முதலாக ஒரு செய்தி எழுதச் சொன்னார்கள். எதிரி பாலத்தைக் கடக்கிறான், மேலிடத்துக்குத் தெரிவி. நான் இங்கிலீஷில், கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம், தங்கள் சௌக்கியத்துக்குப் பிரார்த்திக்கிறோம் என்று தொடங்கி, ஐந்தாவது வரியில் எதிரியைப் பாலத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். வாத்தியார் அதை வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்தார். நீ சௌக்கியம் சொல்லி முடிப்பதற்குள் எதிரி உன் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பான் என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன்.

அன்றிலிருந்து அந்த எழுத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வீட்டுக்கு எழுதும் கடிதத்தைக்கூட மூன்று வரியில் முடித்தேன். பய தந்தி கணக்கா எழுதுறான் என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாராம். பெருமையாகச் சொன்னாரா, வருத்தப்பட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

எங்கள் ஜனங்கள் விஷயத்தைக் கடைசியில்தான் வைப்பார்கள் என்பது மேஜருக்குத் தெரியாது, கேப்டன்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் முதல் மூன்று வரி போதும் என்று விதி வைத்தேன்.

ஒன்பது பத்து

மூன்றாம் நாள் காளியம்மாள் கொடுத்த காகிதத்தின் முதல் மூன்று வரி இதுதான்.

‘மகா மேன்மை தங்கிய ராணுவ அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, கோட்டைப்பட்டினம் தென்கரையில் வல்லம் ஓட்டி மீன்பிடித்துப் பிழைக்கும் இபுராகிம் மரைக்காயர் தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. தாங்கள் இக்கரைக்கு வந்தது நாங்கள் செய்த பாக்கியம். நேற்றுத் தாங்கள் அனுப்பிய அரிசியும் தீப்பெட்டியும் வந்து சேர்ந்தன, இவ்விடம் யாவரும் க்ஷேமம்.’

வலது கம்பியில் குத்தினேன். பத்து மணிக் கூட்டத்துக்கான தாளில் ஒன்பதாவது வரியாக, தென்கரையில் அரிசி கிடைத்தது, எல்லோரும் நலம் என்று இங்கிலீஷில் எழுதினேன். அதைப் படித்து மேஜர் லேசாகச் சிரித்தார். மூன்று நாளில் அவர் கேட்ட முதல் நல்ல செய்தி அது.

அன்று ஒரு படகுக்கு மோட்டாரில் மணல் புகுந்துவிட்டது. ஓடியது ஒன்றுதான். இடது கம்பியில் ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டுச் சீட்டு இருந்தது. காலேஜில் படித்த மகன் இங்கிலீஷில் எழுதியது, நாலே வார்த்தை: வெள்ளத்தில் சிக்கியிருக்கிறோம், படகு அனுப்புக. எனக்குப் பிடித்த எழுத்து. படகு அங்கே போனது. திரும்பிவரும்போது பிற்பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. மாடி வீட்டு மொட்டைமாடியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை, தையல் மெஷினோடு ஏற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் இரண்டு தடவை நான் வாசலுக்கு வந்தேன். முதல் தடவை டீ வாங்க. காளியம்மாள் மரத்தடியிலிருந்து ஓடி வந்தாள்.

“ஐயா, கடுதாசியப் பாத்துட்டாங்களா?”

“பாத்தாச்சு” என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நன்றாக நினைவிருக்கிறது. திரும்பிப் போய் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அதுவரை அவள் உட்காரவில்லை.

இரண்டாவது தடவை, படகு மில்காரர்களை இறக்கிவிட்ட பிறகு. அவள் எழுந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேதான் போகுதுங்களா என்று கேட்டாள். எல்லாம் முறைப்படி நடக்கும், சும்மா சும்மா வந்து கேட்கக்கூடாது என்று அதட்டினேன். எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். வாய்மொழி கேட்பதில்லை என்று விதி வைத்தவன் நான்தானே, கேட்கவில்லை. படகு மருந்து ஏற்றிக்கொண்டு வடக்கே போனது.

மரைக்காயர்

ஐந்து மணி சுமாருக்கு ஒரு பெரியவர் கைலியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியபடி வந்தார். நெற்றியெல்லாம் உப்பு பூத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சலாம் சொன்னார். எந்த ஊர் தம்பி என்று விசாரித்தார். திருமயம் என்றேன். நல்ல ஊர், நம்ம பக்கத்துப் பிள்ளைதான் என்று சந்தோஷப்பட்டார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது.

“பெரியவரே, விசயத்தச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல தம்பி. திட்டுக்குப் படகு போயிருச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

எந்தத் திட்டு என்றேன். அவர் என்னையே பார்த்தார். அப்புறம் மரத்தடியில் இருந்த காளியம்மாளைப் பார்த்தார்.

நான் உள்ளே போய் வலது கம்பியிலிருந்து காகிதங்களை உருவினேன். அடியில் கிடந்தது அது. புகையிலை வாசனையை வைத்தே கண்டுபிடித்தேன். நாலாவது வரியிலிருந்து படித்தேன்.

‘தங்கள் தயவு இப்படியிருக்க, மேலும் ஒரு சங்கதி தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உப்பளத்துக்குக் கிழக்கே மணல் திட்டில், கருவாட்டுக் கொட்டகையில் ஏழு பேர் புயலன்றே மாட்டிக்கொண்டார்கள். மேற்கே கண்மாய் உடைந்து நேற்று முதல் தண்ணீர் ஏறுகிறது. எங்கள் வல்லங்கள் யாவும் புயலில் உடைந்துபோயின. இன்று விடியக் கூரைமேல் நின்று துணி வீசினார்கள். மதியத்துக்குள் படகு போனால் ஏழு பேரும் பிழைப்பார்கள். இதைக் கொண்டுவரும் காளியம்மாளின் புருஷனும் அதில் ஒருவன்.’

ஏழு பேர் கூரைமேல் நிற்கும்போதும், யாவரும் க்ஷேமம் என்று எழுதிவிட்டுத்தான் மரைக்காயர் அதற்கு வந்திருக்கிறார். என் அப்பாவாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

மேஜர் பக்கத்து அறையில் இருந்தார். ஓடியிருக்க வேண்டும். ஓடுவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். மேஜை டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்தேன். மூலையிலிருந்த ஒன்பது பத்தை அழித்தேன். ஊதித் துடைத்தேன். ஐந்து பத்து என்று எழுதினேன். பிறகுதான் ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் மேஜர் காகிதத்தின் மூலையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். வடக்கே போன படகு அப்போதுதான் திரும்பியிருந்தது. உடனே திருப்பிவிட்டார். வழி காட்ட மரைக்காயர் ஏறிக்கொண்டார். வந்த இரண்டாவது நிமிஷத்தில் சொல்லிவிட்டாய், சபாஷ் என்று மேஜர் என் முதுகில் தட்டினார்.

பொழுது மசங்கும் நேரத்தில் படகு வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். கொட்டகைக் கூரை மூன்று மணிவாக்கில் சரிந்ததாகச் சொன்னார்கள். காளியம்மாள் ஒவ்வொரு முகமாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நாலாவது முகத்தைப் பார்த்த பிறகு மறுபடியும் முதல் ஆளிடம் போனாள்.

மறுநாள் காலை

அவளுடைய புருஷனின் உடலை விடிந்ததும் உப்பளத்து வாய்க்காலில் எடுத்தார்கள். மற்ற இருவரும் கிடைக்கவில்லை.

மேஜர் நல்ல மனுஷர். அவளைப் பார்த்துத் தானே துக்கம் சொல்லவேண்டும் என்றார். மொழிபெயர்க்க என்னை அழைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தார். ராத்திரி முழுவதும் அவள் அங்கேயே இருந்திருக்கிறாள். மேஜர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை கூட விடவில்லை.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, அவர் கேட்கட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

“தொரைகிட்டச் சொல்லுங்க. நான் காலம்பறயே கடுதாசியக் குடுத்துட்டேன். பாத்தாச்சுன்னு நீங்க சொன்னீங்க. எங்க அண்ணன் வல்லம் ஜெகதாப்பட்டினத்துல ஒடையாமக் கெடந்துச்சு. ஒரு நடை ஓடுனா வல்லத்தோட அவரக் கூட்டியாந்திருப்பேன். பாத்தாச்சுன்னு சொன்னதுனாலதான் போகாம இங்கனயே உக்காந்துட்டேன். அதச் சொல்லுங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி மேலே தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தி, மரியாதை, நன்றி, க்ஷேமம் எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொன்னதை அன்றுதான் நான் கேட்டேன்.

மேஜர் என் பக்கம் திரும்பினார். அவள் என்ன சொல்கிறாள், சுருக்கமாகச் சொல் என்றார்.

அடுத்த மாதம் எனக்கு ஹவில்தார் பட்டை வந்ததையும், மூன்று கம்பி முறையைப் பல வருஷம் புதுப் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுத்ததையும் முன்பே எழுதியிருக்கிறேன். மரைக்காயர் மேலிடத்துக்குப் புகார் எழுதினாரா என்று தெரியாது. எழுதியிருந்தால் முதலில் எங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லித்தான் தொடங்கியிருப்பார். என்னைப் போல் எவனாவது அதை வாங்கி வலது கம்பியில் குத்தியிருப்பான். அந்தக் கரைக்கு நான் திரும்பப் போகவே இல்லை. திருமயத்திலிருந்து பஸ் போகிறது. போக வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

மேஜர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். ஒரே வரிதான்.

“படகு அனுப்பியதற்கு நன்றி சொல்கிறாள், சார்.”

மேஜர் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் சேர்த்து அவளைக் கும்பிட்டார். தான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து அவளும் கும்பிட்டாள்.